காயாத மண்

மஞ்சக்கரையின் இலை கையோடு வந்துவிட்டது.

அவள் பிடுங்கவில்லை. தூசி துடைக்கத்தான் பிடித்தாள். ஈரத்துணியால் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இடுப்புயரத்துக்கு வளர்ந்து, பச்சை உடம்பில் மஞ்சள் கரை போட்டு விறைப்பாக நின்றுகொண்டிருந்த இலை, அடியில் பிடிப்பே இல்லாமல் கழன்று அவள் மேல் சாய்ந்தது. மேலே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடியில் மட்டும் பழுப்பாகக் குழைந்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாற்றம் அடித்தது.

ஸ்நேக் பிளான்ட் வளர்த்ததால் குடும்பம் இரண்டுபட்ட கதையை வேறெங்கும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிற நம் மருமகளை, மாமியார் ஆரம்பத்திலிருந்தே ‘கண்ணாடிக்காரி’ என்றுதான் கூப்பிடுகிறாள். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. எதிரே முளைத்த கட்டடம் வெளிச்சத்தை மொத்தமாக விழுங்கிவிட்டது. வைத்த ரோஜா வாடியது, துளிர்த்த கொடி காய்ந்தது. கடைசியில் நர்சரிக்காரர்தான் ஒரு தொட்டியை எடுத்து நீட்டினார். “இது லேசுல சாகாதும்மா. இருட்டுல வெச்சாலும் நிக்கும், மறந்து போனாலும் நிக்கும். ஒண்ணே ஒண்ணு, தண்ணி ஊத்தியே கொன்னுடாதீங்க” என்றார்.

ஒன்று வாங்கப் போனவள் ஒன்றோடு நிற்கவில்லை. ஜன்னலோரத்துக்கு மஞ்சக்கரை, ஏனென்றால் நிறம் உள்ளது நிறம் மாறாமல் இருக்கக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்குச் சாம்பலும் வெள்ளியும் கலந்த வெள்ளிக்காரி. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உருளை உருளையாகக் கூர்ந்து நிற்கும் ஈட்டி. மேசை மேல் ரோஜாப்பூ விரிந்த மாதிரி சுருண்டு உட்கார்ந்த குள்ளி. குளியலறை வழிநடையின் இருட்டுக்குக் கரும்பச்சைக் கருப்பி. கூடத்து மூலையில், துடுப்பு மாதிரி அகலமான ஒற்றை இலையோடு திமிங்கிலம். அந்த ஒற்றை இலைக்கு அவள் கொடுத்த விலையைக் கணவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தச் செடிக்கு மாமியார் நாக்கு என்று இன்னொரு பெயர் இருப்பதாக யாரோ சொல்லப்போக, அதை அவள் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னாள். மாமியார் சிரிக்கவில்லை. அன்றைக்கே கணக்கு ஆரம்பித்துவிட்டது.

பிறகு குள்ளி அழுகியது. ஈட்டி நொளநொளவென்று சாய்ந்தது. யார் தண்ணீர் ஊற்றியது என்று மருமகள் கேட்டபோது, மாமியார் யோசிக்காமல், “நான்தான் ஊத்தினேன். செடின்னா தண்ணி ஊத்தணும்னுதான் எனக்குத் தெரியும்” என்றாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று மருமகள் முடிவு கட்டினாள். அந்தக் கோபம் ஆறுவதற்குள், மாமியாரின் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை டப்பா அகப்பட்டது. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள் திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்கிறாள். மருமகள் அதை எல்லோர் முன்னாலும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். மகன் ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் கொட்டினான். அன்றிலிருந்து மாமியார் வாய் திறக்கவில்லை. போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான்.

இனி இன்றைய கதை.

கணவன் விடியும்போதே கிளம்பிவிட்டான். குளிர்பதனக் கிடங்குகளுக்கு மிஷின் பொருத்துகிற வேலை அவனுக்கு. வெளியூரில் புதிதாக ஒரு கிடங்கு, முடித்துவிட்டுத் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். போகும்போது வாசலில் நின்று பொதுவாகச் சொன்னான், யாருடைய முகத்தையும் பார்க்காமல். கூட வேலை பார்ப்பவன் ஒருவன் தன் அப்பாவை நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறானாம். தான் திரும்பி வரும்போதும் சண்டை ஓயவில்லை என்றால் ஆளுக்கொரு இடம் பார்க்க வேண்டியதுதானாம். சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் அவள் செடிகளைத் துடைக்க உட்கார்ந்தாள். மனசு சரியில்லாத நாட்களில் இலை துடைப்பது அவள் வழக்கம்.

கழன்ற இலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். துண்டு துண்டாக நறுக்கி மணலில் நட்டால் வேர் விடும், புதுக் குருத்தும் வரும். ஆனால் மஞ்சள் கரை வராது. வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். கரையோடு வேண்டுமென்றால் மண்ணுக்குள் ஓடும் கிழங்கில் கெடாத துண்டு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தாள்.

மணலும் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் பார்த்துப் பார்த்துக் கலந்த கலவை அது. உதிரி உதிரியாகக் கொட்ட வேண்டியது, கூழாக வழிந்தது. கையை உள்ளே விட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஊற்றி அதிக நேரம் ஆகியிருக்காது.

இதில்தான் அவள் கை நின்றது. மாமியார் காலையிலிருந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே காலை நேரங்களில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, கைநடுக்கத்தோடு படுத்துக் கிடக்கிறாள். சண்டைக்காகப் போடுகிற நாடகம் என்று மருமகள் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தாள். நாடகமோ நிஜமோ, எழுந்து வராதவள் எப்படித் தண்ணீர் ஊற்றியிருக்க முடியும்?

கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. காயப் போட்டிருந்த போர்வையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

மாமனார் கையில் குவளையோடு வந்தார். திமிங்கிலத்தின் முன் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். “காஞ்சு கிடக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே குவளையை நிதானமாகச் சாய்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் போனார்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை கலவரத்துக்கும் காரணம் இந்த மனுஷன்தானா? பெண்டாட்டி பழியை ஏற்றுக்கொண்டு பேச்சு வாங்கியிருக்கிறாள், இவர் வாயே திறக்கவில்லை.

மாமனாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கட்டடம் முழுவதும் ‘லிஃப்ட் மாமா’ என்றால்தான் தெரியும். எதையும் இரண்டு தடவை பார்ப்பார். கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்ப வந்து தாழைத் தொட்டுப் பார்ப்பார். கேஸ் அடுப்பின் குமிழை அணைத்துவிட்டு மறுபடி வந்து பார்ப்பார். அவர் கவனித்த லிஃப்ட் எதுவும் ஒரு ஆளைக்கூடக் கீழே போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ‘அப்பாவுக்கு எல்லாமே ரெண்டு தடவை’ என்பது மகன் சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் கேலி. அதனால் அவர் எதற்காக எத்தனை தடவை வந்து போனாலும் அந்த வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

குவளையோடு அவர் மறுபடி வந்தார்.

அதே மூலை, அதே தொட்டி. குனிந்தார், தொட்டார், “காஞ்சு கிடக்கு” என்றார். ஊற்றினார். அடித்தட்டு நிரம்பித் தரையில் வழிந்ததைத் தோள் துண்டால் அக்கறையாக ஒற்றி எடுத்துவிட்டுப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை. ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை. துண்டைப் பிழிகிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, அவர் திரும்பவும் குவளையோடு வந்து நின்றார்.

அவள் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, இப்போதுதானே ஊற்றினீர்கள் என்று கேட்டாள்.

“இல்லம்மா. இப்பதான் வர்றேன்” என்றார் அவர், சாதாரணமாக, நல்ல சிரிப்போடு. முழங்கை வரைக்கும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

அவர் குவளையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து கதவுத் தட்டிலிருந்து இன்சுலின் ஊசி போடும் பேனாவை எடுத்தார். மாமியாருக்கு ஊசி என்றால் பயம். தானே குத்திக்கொள்ள மாட்டாள். வருஷக்கணக்காக அவர்தான் போட்டுவிடுகிறார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று.

காலை ஊசி போட்டாகிவிட்டது. அதைப் போடும்போது அவள் அங்கேதான் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். தன் கண்ணால் பார்த்தாள்.

அவர் பின்னாலேயே போனாள். மாமியார் சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கணவரையும் அவர் கையிலிருந்த பேனாவையும் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் நின்ற மருமகளைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாதவள் அப்போதும் பேசவில்லை, தலையை மட்டும் லேசாக அசைத்தாள். சொல்லிவிடாதே என்கிற அசைவு. பிறகு நடுங்குகிற கையால் சேலையை வயிற்றிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கொடுத்தாள்.

“மாமா, வாசல்ல யாரோ உங்களைக் கேக்கறாங்க” என்றாள் மருமகள்.

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். யோசிக்க நேரமில்லாமல் சொன்ன பொய் அது. அந்த நிமிஷத்துக்கு உதவியது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றிப் போகிற அந்த வீட்டு வழக்கத்தை அவளும் பழகிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

மாமியாரின் நாக்கு குழறியது. “சர்க்கரை. கொஞ்சம்.”

அவள் ஓடினாள். தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கக்கூடப் பொறுமையில்லாமல் கொண்டுவந்து, தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். இரண்டாவது டம்ளர் முடியும்போது மாமியாரின் கண்ணுக்கு வெளிச்சம் வந்தது. மருமகளுக்கு அழுகை வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து தான் இழுத்து மேசையில் வைத்த அந்த டப்பா திருட்டுத் தீனி இல்லை. ஊசி அதிகமாகி இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் இந்தப் பெண் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மருந்து அது. அதைப் பறித்துக்கொண்டு, இவள் ஜெயித்த முகத்தோடு நின்றிருக்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கே கூசியது.

“இன்னிக்கு எத்தனை தடவை அத்தை?”

“ரெண்டு. நீ தடுத்தது மூணாவது.”

மாமியார் மெல்ல மெல்லச் சொன்னாள். முதல் தடவை இப்படி நடந்தபோது, போட்டாகிவிட்டது என்று அவரிடம் சொல்லித்தான் பார்த்தாளாம். அவர் நம்பவில்லை. குப்பைக்கூடையிலிருந்த ஊசியை எடுத்துக் காட்டியதும் நம்பினார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் காலத்தில் லிஃப்ட் கயிறெல்லாம் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேனே, நிஜமாகவே பார்த்தேனா என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதாராம்.

“மறுநாள் எழுந்தப்ப அவருக்கு அழுதது ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கே. திரும்ப ஒரு தடவை அந்த மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் போட்டுக்கறேன், போட்டுட்டுச் சர்க்கரையைத் தின்னுடறேன்.”

செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாக ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தான். அவர் ஊற்றுகிறார் என்று தெரிந்தால், அடுத்து ஏன் ஊற்றுகிறார் என்று கேள்வி வரும்.

உடனே கணவனுக்கு ஃபோன் போட வேண்டும், அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று மருமகள் எழுந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் கிழிந்த துணி மாதிரி கிடந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடி வந்ததோ.

“அவன் காலைல வாசல்ல நின்னு என்ன சொல்லிட்டுப் போனான்னு கேட்டியா? எனக்குத்தான் சொன்னான்னு நீ நினைச்சே. தெரிஞ்சா முதல்ல அவரைத்தான் கொண்டுபோய் விடுவான். இடம் தெரியாத இடத்துல, முகம் தெரியாதவங்களுக்கு நடுவுல, அந்த மனுஷன் ஒரு வாரம் தாங்க மாட்டார். அவன் திரும்பி வர்ற வரைக்கும் சொல்லாதே. அவர்கிட்டயும் சொல்லாதே. எனக்காக இது ஒண்ணு செய்.”

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல அவளால் முடியவில்லை. சர்க்கரை டப்பாவுக்கு அவள் பட்ட கடன் அப்படி. சரி என்று தலையாட்டினாள்.

மாமனார் திரும்பி வந்து வாசலில் யாரும் இல்லையே என்றார். போய்விட்டார்கள் போலிருக்கிறது என்றாள் அவள். பேனா அதற்குள் அவள் கைப்பைக்குள் போயிருந்தது. அவர் மேசையைப் பார்த்தார், எதற்காக வந்தோம் என்று யோசிப்பவர் மாதிரி கொஞ்சம் நின்றார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவியின் கால்களைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

ஏற்பாடு இதுதான். பேனா இனி மருமகளிடம் இருக்கும். இரவு ஊசியை அவளே போட்டுவிடுவாள். நாளைக்குக் கண் பரிசோதனை என்று சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப்போவது. அதுவரைக்கும் அவர் தேடினாலும் கிடைக்காது. அவளுக்கு அது அப்பழுக்கில்லாத யோசனையாகத்தான் பட்டது. தேடியும் கிடைக்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் இப்போது தெரிகிறது. அவள் நிலையில் இருந்தால் நமக்கும் தெரிந்திருக்காது.

வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு இன்றைக்குக் கண்ணாடி கொடுத்தாக வேண்டும், அவள் வராவிட்டால் ஆள் இல்லை என்று கடை முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அவளைக் கிளப்பி அனுப்பியதே மாமியார்தான். நன்றாகச் சாப்பிட்டிருந்தாள், முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது, தலைமாட்டில் சர்க்கரைக் கிண்ணம் வேறு இருந்தது.

“பேனாதான் உன் பையில இருக்கே, அப்புறம் என்ன பயம்? போயிட்டு வா, கண்ணாடிக்காரி. நான் கொஞ்சம் தூங்கறேன். அவர் காலடிச் சத்தத்துக்கு முழிச்சு முழிச்சு, நல்லாத் தூங்கியே எத்தனையோ நாளாச்சு.”

பால்கனியில் மஞ்சக்கரையின் கிழங்கு செய்தித்தாளில் கிடந்தது. பெரும்பாலும் அழுகல். ஒரு ஓரத்தில் கட்டைவிரல் அளவு மட்டும் கெட்டியாக, வெளுப்பாக மிஞ்சியிருந்தது. கத்தியால் சுத்தமாக நறுக்கி, நிழலில் காய வைத்துவிட்டுக் கிளம்பினாள். வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நட வேண்டும். அவசரப்பட்டு ஈர மண்ணில் வைத்தால் அதுவும் போய்விடும்.

கடையில் வேலை ஓடவில்லை. லென்ஸின் ஓரத்தைச் சீவும் மிஷினில் கை வைத்தால் மனசு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு லென்ஸின் விளிம்பைச் சில்லு பெயர்த்துவிட்டாள். கைப்பையை அடிக்கொரு தரம் திறந்து பார்த்துக்கொண்டாள். பேனா இருந்தது. இருக்கிறது, இருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்கு ஃபோன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. இருவரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தாள். நினைத்ததோடு, அது நல்லது என்றும் நினைத்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஃபோன் அடித்தது. மாமனார்.

“ஏம்மா, வேலையா இருக்கியா? தொந்தரவு பண்ணிட்டேனா?”

இல்லை, சொல்லுங்கள் என்றாள்.

“ஒண்ணுமில்ல. அத்தை தூங்கிட்டே இருக்கா. கூப்பிட்டா ம்னுகூட சொல்ல மாட்டேங்கறா. உடம்பெல்லாம் வேர்த்து நனைஞ்சு கிடக்கு. ஊசி போடாததுனாலதான் மயக்கம்னு நினைக்கறேன். பேனாவை வீடெல்லாம் தேடினேன், காணோம். மருந்துக் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துட்டேன். போட்டுட்டு எழுப்பட்டுமா?”

நாற்காலி பின்னால் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

“போடாதீங்க மாமா. ஒண்ணும் போடாதீங்க. கட்டில்ல ஊசி மூடி ஏதாவது கிடக்குதான்னு பாருங்க.”

ஒவ்வொரு தடவையும் பேனாவில் புது ஊசி மாட்ட வேண்டும். மாட்டினால் அதன் சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். காலை ஊசிகளின் மூடிகளை அவள் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவர் தேடுகிற சத்தம் கேட்டது. “கிடக்கும்மா. இங்க ஒண்ணு. போர்வைல ஒண்ணு. தலையணைகிட்ட இன்னொண்ணு.” குரலில் மெதுவாகக் குழப்பம் ஏறியது. “யாரும்மா போட்டது?”

பக்கத்து மேசைப் பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். இவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று வீட்டு விலாசத்தைச் சொன்னாள். பிறகு, யாரிடம் சொல்ல மாட்டேன் என்று காலையில் வாக்குக் கொடுத்தாளோ அவரிடமே சொன்னாள்.

“நீங்கதான் போட்டீங்க மாமா. காலைலயே போட்டாச்சு. அப்புறமும் போட்டிருக்கீங்க. போட்டதை மறந்துட்டு மறுபடி மறுபடி போடறீங்க. கொஞ்ச நாளாவே இப்படித்தான் நடக்குது. அத்தை மயக்கத்துக்கு அதுதான் காரணம்.”

அந்தப் பக்கம் மூடிகள் தரையில் விழும் சத்தம் கேட்டது.

“நானா?” என்றார். “நான் போட்டா எனக்குத் தெரியாதா?” அதற்குப் பிறகு, அவள் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில், “இவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் மாமா. அழக்கூடாது இப்ப. நான் சொல்றதைச் செய்ங்க. பேனாவைக் கீழ வைங்க. ஃபோனைக் கட் பண்ணாம மேசை மேல வைங்க. நேராப் போய் வாசக்கதவைத் திறந்து, எதிர்வீட்டுக்காரங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ் வருது, கதவு திறந்திருக்கணும். அத்தை வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. புரியுதா?”

“சரிம்மா. சரி. இதோ” என்றார். பழைய லிஃப்ட் மெக்கானிக்கின் உறுதியான குரல். ஃபோனை மரத்தின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் தெருவுக்கு ஓடியிருந்தாள். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. ஃபோனில் அவருடைய காலடி அறையை விட்டு வெளியே போவது கேட்டது. கூடத்தைக் கடப்பது கேட்டது. தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்த வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, திறந்தால் தெருவுக்கே கேட்கும்.

தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. காலடி நடுக்கூடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மாமா, கதவு, கதவு என்று அவள் கத்தினாள். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காலடி மெல்லத் திரும்பி வந்தது. ஃபோன் எடுக்கப்பட்டது.

“ஹலோ? யாரு?”

“மாமா, நான்தான். கதவைத் திறந்தீங்களா?”

“நீயாம்மா.” குரலில் நிம்மதி. அன்பான, கலக்கமில்லாத, தினமும் கேட்கிற குரல். “நானே உனக்குப் போடணும்னு இருந்தேன். அத்தை தூங்கிட்டே இருக்கா, கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்கறா. பாவம், ஊசி இன்னும் போடலல்ல. கொஞ்சம் இரு, போட்டுட்டுப் பேசறேன்.”

ஃபோன் மறுபடி மரத்தின் மேல் போனது. டிக், டிக், டிக் என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மருந்தின் அளவு வைப்பதற்காகப் பேனாவின் பின்பக்கத்தைத் திருகினால் வருகிற சத்தம் அது.